பெயர் விழுந்த பிறகு

கேள்வி: திருடியதால்தானே ஒருவனைத் திருடன் என்கிறோம்? ‘திருடன் என்று சொல்லிச் சொல்லியே அவனைத் திருடனாக்கிவிட்டார்கள்’ என்று சமூகவியலாளர்கள் பேசுவது, பழியை அவனிடமிருந்து எடுத்து ஊரார் தலையில் கட்டுவதாகாதா?

பதில்: முதல் திருட்டின் பழி திருடியவனுடையதே, அதை யாரும் மறுக்கவில்லை. 1951இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் இரண்டைப் பிரித்துக் காட்டினார்: வறுமை, விளையாட்டுப் புத்தி, கூடாநட்பு என எதனாலோ நேர்ந்துவிடும் முதல் தவறு ஒன்று, பிடிபட்டுப் பெயர் விழுந்த பின், அந்தப் பெயரையே தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டு ஒருவர் தொடர்ந்து செய்வது வேறு. ‘திருடினான்’ என்ற வினை ஒரு நாளைக் குறிக்கிறது. ‘திருடன்’ என்ற பெயர் ஆளையே குறித்துவிடுகிறது.

தவறு செய்த எல்லாருக்கும் அந்தப் பெயர் விழுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சமூகவியலாளர் வில்லியம் சாம்பிளிஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்கப் பள்ளி ஒன்றின் இரண்டு மாணவர் கூட்டங்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் பள்ளிக்கு மட்டம் போட்டார்கள், குடித்தார்கள், சாலைப் பள்ளத்தைச் சுற்றி வைத்திருந்த விளக்குகளையும் தடுப்புகளையும் அகற்றிவிட்டு, வருகிற கார் அதில் இறங்குவதை ஒளிந்திருந்து ரசித்தார்கள். (இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.) கார் இருந்ததால் ஊர்க்கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனார்கள், காவலர் நிறுத்தினால் பணிவாக வருத்தம் தெரிவிக்கவும் தெரிந்திருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஊர் பார்க்கத் தெருவில் நின்று சண்டை போட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்குத்தான் போக்கிரிகள் என்ற பெயர் நிலைத்தது. பின்னாளில் அவர்களில் இருவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். வேறு இருவரோ விளையாட்டுத் திறமையால் உதவித்தொகை பெற்றுக் கல்லூரிக்குப் போனார்கள். பெயர் விழுந்தால் கதை முடிந்தது என்று விதிபோலப் பேசுகிறவர்கள் இந்த இருவரை மறந்துவிடுகிறார்கள். ‘நல்ல ஆட்டக்காரர்’ என்ற இன்னொரு பெயர் அவர்களுக்குக் கிடைத்திருந்தது என்பது என் கருத்து.

பெயரின் விலையைச் சமூகவியலாளர் டேவா பேஜர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் எண்களாகவே காணலாம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒத்த தகுதியுள்ள இளைஞர்களை அவர் வேலை கேட்டு அனுப்பினார். போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றதாகச் சொல்வதும் சொல்லாததுமே வேறுபாடு. வெள்ளையரில், சிறை சென்றதாகச் சொல்லாதவர்களை 34 சதவீத நிறுவனங்கள் திரும்ப அழைத்தன. சொன்னவர்களை 17 சதவீதமே. கறுப்பினத்தவரில் அது முறையே 14, 5. அதாவது, சிறை வாசலையே மிதிக்காத கறுப்பினத்தவருக்குக் கிடைத்த அழைப்பு, சிறை மீண்டதாகச் சொன்ன வெள்ளையருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு.