ஆள் நடமாட்டம் இல்லாத கடைத்தெரு

கேள்வி: அட்டையில் ஒட்டிய பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் ‘டெட்வுட், டகோட்டா, 1878’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. கடைத்தெருவில் செங்கல் கட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஒரு ஆளைக்கூடக் காணோம். ஆண்டு சரிதானா?

பதில்: கட்டிடங்களே அந்த ஆண்டை மறுக்கின்றன. டெட்வுட், அமெரிக்காவின் டகோட்டாவில் 1876-ல் தங்கம் தேடி வந்தவர்கள் அவசரமாக எழுப்பிய ஊர். கடைகள் பெரும்பாலும் பலகையால் ஆனவை. 1879 செப்டம்பர் 26 தீவிபத்தில் சுமார் 300 கட்டிடங்கள் எரிந்துபோயின. செங்கலும் கல்லும் வரிசை கட்டியது அதன் பிறகுதான். பென்சில் குறிப்பு பிற்பாடு யாரோ நினைவிலிருந்து எழுதியதாக இருக்கலாம்.

அடுத்து, படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கொடியைத் தேடுங்கள். 38 நட்சத்திர அமெரிக்கக் கொடி 1877 ஜூலை 4 முதல் 1890 ஜூலை 3 வரை அதிகாரபூர்வமானது, 1891-லிருந்து 44. பழைய கொடியையே தொடர்ந்து ஏற்றியவர்களும் உண்டு என்பதால் கொடி ஆரம்ப எல்லையை (படம் எந்த ஆண்டுக்கு முந்தையதல்ல என்பதை) மட்டுமே காட்டும்.

ஆட்கள் எங்கே போனார்கள்? ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்த அன்றைய ஈரக் கண்ணாடித் தகட்டில் ஒளி விழ சில வினாடிகள் வேண்டும். நின்றவர் பதிவார், நடந்தவர் புகைபோலக் கரைந்துவிடுவார். கட்டிவைத்த குதிரையைப் பாருங்கள்: உடல் தெளிவாகவும், தலையும் வாலும் கலங்கலாகவும் இருந்தால் இதுதான் காரணம். நடப்பவரின் கால்கூடத் தெளிவாக இருந்தால், 1880 வாக்கில் பரவத் தொடங்கிய, முன்கூட்டியே பூசிக் காயவைத்து வேகமாகப் பதியும் உலர்தகடாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்ப்பலகையின் நிறத்தை மட்டும் ஊகிக்காதீர்கள். அந்தத் தகடுகளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும்.

கடைசியாக, தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டிடம் கட்டிடமாக வரைந்த சான்பார்ன் வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். ஒரு அங்குலத்துக்கு 50 அடி. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். மாடிகளின் எண்ணிக்கையும் இருக்கும். உயரமான முகப்புப் பலகை பின்னாலிருக்கும் சரிவுக் கூரையை மறைத்து, ஒரு மாடிக் கடையை இரண்டு மாடிபோலக் காட்டுவது அங்கே வழக்கம். அதனால் படத்தில் எண்ணிய மாடியை அப்படியே நம்ப வேண்டாம். பெயர்ப்பலகை எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் முதலில் ஸ்கேனைத் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தெருவே எதிர்ப்பக்கமாகிவிடும்.

அட்டை வளைந்திருந்தால் அழுத்தி நிமிர்த்தாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு பூசிய அந்தத் தாளின் மேற்பரப்பு வெடித்துவிடும்.