பூசணம் பிடித்த புண்ணாக்கும் பைண்டர் பாக்கெட்டும்

கேள்வி: எங்களிடம் நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. வழக்கமாக வாங்கும் கடையில் எடுத்த கடலைப் புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தால், உள்ளே கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம். கடைக்காரரிடம் கேட்டேன். "வெயிலில் காயப்போட்டு, இந்த டாக்சின் பைண்டரைக் கலந்து போடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று ஒரு பாக்கெட்டையும் எடுத்து வைத்தார். வாங்கலாமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம். மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள், பாக்கெட்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பூசணம் வேறு, அது சுரந்து வைத்த நஞ்சு வேறு. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், பூசணம் மேலும் வளராது. ஆனால் ஏற்கெனவே புண்ணாக்கில் இறங்கிவிட்ட அஃப்லாடாக்சின் என்ற பூசண நஞ்சு அதனால் போய்விடாது. கொதிக்கவைத்தாலும் போகாது. கடலையில் இந்த நஞ்சு இருந்தால், எண்ணெய் ஆட்டிய பிறகு பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தபோது, காரணம் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான். அஃப்லாடாக்சினை உலகம் கண்டுகொண்டதே அப்படித்தான்.

பெரிய மாடு உடனே சாகாது. அதனால்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். தீனி குறையும், பால் இறங்கும், ஈரல் கெடும், நோய் எதிர்ப்பு போகும். கன்றுகள் இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும். மாடு தின்ற நஞ்சில் ஒரு பங்கு எம்1 என்ற வடிவில் பாலிலும் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் எம்1 வரம்பு மீறியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551-ல் 88. ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம் என்பதுதான் வரம்பு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பாலைத்தானே குடிக்கிறார்கள்? ஏற்கெனவே கொஞ்சம் போட்டுவிட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். நல்ல தீவனத்துக்கு மாறிய சில நாட்களில் பாலில் அளவு வெகுவாக இறங்கிவிடும்.

இனி அந்தப் பாக்கெட். பைண்டர் ஏமாற்று வேலை இல்லை. பெண்டோனைட் போன்ற களிமண் வகை, மாட்டின் குடலில் அஃப்லாடாக்சினைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேற்றும். நல்ல தீவனத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் நஞ்சு இருந்தால், அதன் பாதிப்பைக் குறைக்க உதவும். ஆனால் முழுவதையும் பிடிக்காது. வேறு சில பூசண நஞ்சுகளிடம் களிமண்ணின் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. வாய்வழியாகக் கொடுக்கும் சில மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கலக்க வேண்டாம். கெட்டுப்போன மூட்டையை விற்பதற்கு அதைத் துணைக்கு அழைப்பது அநியாயம்.

இன்னொன்று: 'பூசணத் தடுப்பான்' என்று விற்பது பைண்டர் அல்ல. புரோப்பியானிக் அமிலம், கால்சியம் புரோப்பியானேட் கலந்த அந்தப் பொருள் பூசணம் வளராமல் தடுக்கும், அவ்வளவுதான். இருக்கிற நஞ்சை அது ஒன்றும் செய்யாது. பாக்கெட்டில் என்ன பொருள், எந்த நஞ்சுக்கு, எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். 'அனைத்து நஞ்சையும் முறிக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணுக்குப் பூசணம் தெரியாவிட்டால் தீவனம் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? மூட்டையாக வாங்கும்போது என்ன பார்ப்பது?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. அறுவடைக்கு முன் வறட்சியில் காய்ந்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் வயலிலேயே நஞ்சு சேர்ந்திருக்கலாம், அரைத்த பிறகு எதுவும் தெரியாது. இருந்தாலும் கையும் மூக்கும் பாதி வேலையைச் செய்யும். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால், மக்கின வாடை அடித்தால் வேண்டாம். சாக்கின் அடிப்பக்கத்தில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். கலப்புத் தீவனமாக இருந்தால், வாய்த் தையலோடு சேர்த்துத் தைத்த சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். தையல் பிரித்து மறுபடி வேறு நூலில் தைத்திருந்தால் கேள்வி கேளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி கலப்புத் தீவனத்தில் அஃப்லாடாக்சின் பி1 (தீவனத்தில் இருக்கும் வடிவம்; பாலில் வருவதுதான் எம்1) கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

மழைக்காலத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள். மலிவாகக் கிடைத்தாலும் லாபம் இல்லை. மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்கி, முதலில் வந்ததை முதலில் தீர்த்துவிடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள கால்நடைத் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பத்துப் பேர் சேர்ந்து ஒரே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், வாங்கியிருந்தால் செலவு பெரிதாகத் தெரியாது. நஞ்சு ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் அள்ளிய ஒரு பிடியை அனுப்பினால், கெட்ட மூட்டையும் பாஸாகிவிடும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி எனக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுங்கள்.

கேள்வி: கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். "நீங்கள் பால் வியாபாரம் செய்பவர், நுகர்வோர் இல்லை" என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்குபவரும் நுகர்வோர்தான். நாலு மாடு வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு அது பொருந்தும். முதலில் பில் வேண்டும். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், லாட் எண்ணோடு பில் கேளுங்கள். பூசணக் கட்டியையும் சாக்குச் சீட்டையும் ஒரே படத்தில் வருகிறாற்போல் எடுத்துவையுங்கள். கடைக்காரர் முன்னிலையில் மாதிரி எடுத்து, காகிதப் பையில் இரண்டாகப் பிரித்து, இருவரும் கையெழுத்திட்டு ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துப் பூசணம் அதிலேயே வளரும். கடைக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், அக்கம்பக்கத்தில் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மாட்டுக்கு வைத்தியம் பார்த்திருந்தால் மருத்துவரின் சீட்டையும், சொசைட்டியில் பால் ஊற்றிய கணக்கு அட்டையையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். பால் எந்த நாளிலிருந்து இறங்கியது என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.