ஸ்ப்ரே கன் இல்லாமல் காருக்குப் பெயிண்ட் அடிக்க முடியுமா?

கேள்வி: என் காருக்குப் பதினைந்து வயது. என்ஜினில் குறை இல்லை. ஆனால் பானெட்டிலும் கூரையிலும் மேலே இருக்கும் கிளியர் கோட் தோல் மாதிரி உரிகிறது, கதவின் அடியில் கொஞ்சம் துருவும் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். வீட்டிலேயே கையால் அடித்தால் நன்றாக வருமா? எந்தப் பெயிண்ட் வாங்குவது?

பதில்: தாராளமாக அடிக்கலாம், நன்றாகவும் வரும். நீங்கள் பெயிண்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இந்த வேலையில் பெயிண்ட் அடிப்பது கொஞ்ச நேரம்தான், மீதி முழுக்கத் தேய்ப்பது. அதற்கு இரண்டு மூன்று வாரம் சாயங்காலங்களை ஒதுக்க முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

உலோகத்துக்கு அடிக்கிற ஆயில் எனாமல் வாங்குங்கள். அது மெதுவாகக் காயும் என்பதுதான் நமக்கு லாபம், ரோலர் விட்டுப்போன குமிழெல்லாம் உடைந்து பெயிண்ட் தானாகவே சமமாகப் பரவ நேரம் கிடைக்கிறது. மெட்டாலிக் நிறம் வேண்டவே வேண்டாம்: அதிலிருக்கும் அலுமினியத் துகள்கள் ரோலர் போன தடத்துக்குத் தகுந்தபடி படிந்து, வெயிலில் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். கறுப்பு ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், வெள்ளையோ வேறு வெளிர் நிறமோ நிறையவே மறைத்துவிடும். நிறம் மாறுகிறது என்றால் வண்டிப் பதிவிலும் மாற்ற வேண்டுமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட்டை வீட்டில் தொடாதீர்கள். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலே மூச்சுத் திணறும், சாதாரண மாஸ்க்கை நம்பி அதில் இறங்கவே கூடாது.

அடுத்து, தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அப்போது பழைய மெழுகும் பாலிஷும் தேய்த்த கீறலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் எடுக்கும் தின்னரில் துடையுங்கள். ஒரு கதவில் நான் இதை அவசரமாக முடித்துவிட்டேன், அதில் முன்பு யாரோ சிலிக்கான் பாலிஷ் போட்டிருந்திருக்கிறார்கள். அடித்த ஐந்தாவது நிமிஷம் பெயிண்ட் அங்கங்கே விலகி மீன் கண் மாதிரிக் குழி குழியாக நின்றது, மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

உரிகிற கிளியர் கோட்டின் ஓரத்தை 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே போங்கள். கண்ணை மூடி விரலை ஓட்டிப் பாருங்கள், ஓரம் விரலில் தட்டினால் அது பெயிண்ட்டுக்கு மேலும் கோடாகத் தெரியும், தட்டாத வரைக்கும் தேய்க்க வேண்டியதுதான். துருவைப் பளபளவென்று தகரம் தெரியும்வரை எடுத்து அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள், ராத்திரி முழுக்க வெறும் தகரமாக விடாதீர்கள். தகரம் ஓட்டையாகியிருந்தால் வெல்டிங்தான், அதன் மேல் பட்டி வைத்து மூடினால் உள்ளே ஈரம் இறங்கிச் சீக்கிரமே உப்பிக்கொண்டு வந்துவிடும்.

சரி, இப்போது பெயிண்ட். நிழலான, காற்றோட்டமான இடம், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது, தூசி எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு கப்பில் கொஞ்சம் ஊற்றி, டர்பன்டைனைச் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலர் போதும். முதலில் பெட்ரோல் மூடியில் அடித்துப் பார்த்து, பதம் பிடிபட்டதும் பானெட்டுக்குப் போங்கள். ஒரு பாகத்தை ஆரம்பித்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிறுத்தாமல் முடித்து, கடைசியாக ரோலரை அதன் எடையிலேயே மெதுவாக ஒருமுறை ஓட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

முதல் கோட் பார்க்கவே சகிக்காது. பழைய நிறம் அடியில் தெரியும், கோடு கோடாக இருக்கும், இங்கேதான் பயந்துபோய் எல்லோரும் மேலே மேலே கனமாகப் பூசுகிறார்கள். கனமாகப் பூசினால் வழியும், இல்லையென்றால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும். முதல் கோட்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கோட்தான், டப்பாவில் அதைவிட அதிக நேரம் போட்டிருந்தால் அந்த நேரம் காத்திருங்கள். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை, ரப்பர் கட்டையில் 600 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துடைத்துவிட்டுச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். தேய்ந்த இடம் மங்கலாக இருக்கும், இன்னும் பளபளக்கிற புள்ளிகளெல்லாம் பள்ளம். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வரும், ஐந்தாறு கோட்டில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. கதவு, பானெட்டின் விளிம்புகளில் மட்டும் தேய்க்கும்போது டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அங்கே பெயிண்ட் மெல்லியதாகத்தான் நிற்கும், இரண்டே தேய்ப்பில் தகரம் எட்டிப்பார்க்கும்.

கடைசி கோட்டுக்கு அப்புறம் ஒரு மாசம் விட்டுவிடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும், அந்த நிலையில் பாலிஷ் போட்டால் மங்கிப்போகும். தடம் விழாத அளவுக்கு இறுகியதும் 1500, பிறகு 2000 நம்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பளபளப்பு ஏற்றும் பசையான கம்பவுண்ட் போட்டுக் கையாலேயே தேயுங்கள், அப்போதுதான் உண்மையான பளபளப்பு வரும்.

அப்புறம், பெயிண்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆயில் பெயிண்ட் காயும்போது சூடு உண்டாகும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.