பூண்டு ஹெர்ப் சீஸ் பாஸ்தா: கேட்டதும் சொன்னதும்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துல இருந்து வந்த கேள்விகள். பதில் சொல்றது ஒருத்தர்தான். தயிரா பன்னீரான்னு வந்த இடத்துல மட்டும் மத்தவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க.

சத்துவாச்சாரி: அக்கா, பூண்டு ஹெர்ப் சீஸ் ஒரு டப்பா இருந்தா அரை மணி நேரத்துக்குள்ள க்ரீமி பாஸ்தா பண்ணிடலாம்னு சொல்றாங்க. அளவோட முழுசா சொல்லுங்க.

பதில்: ரெண்டு பேருக்குச் சொல்றேன். பென்னே இல்லன்னா ஃபுசிலி பாஸ்தா 200 கிராம், பூண்டு ஹெர்ப் சீஸ் (பூண்டும் பச்சை இலைகளும் கலந்த மெதுவான சீஸ்) 100 கிராம், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பூண்டு மூணு பல், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். க்ரீம் தேவையில்லை.

ஒன்றரை லிட்டர் தண்ணி நல்லா தளதளன்னு கொதிக்கணும். தலை தட்டின டீஸ்பூன்ல ரெண்டு உப்பு போடுங்க. சீஸ்லயே உப்பு இருக்கு, அதனால இதுக்கு மேல வேண்டாம். பாஸ்தாவைப் போட்டதும் முதல் ஒரு நிமிஷம் கிளறிக்கிட்டே இருங்க, ஒட்டுறது அப்பதான். பாக்கெட்ல பத்து நிமிஷம்னு போட்டிருந்தா எட்டாவது நிமிஷம் ஒண்ணைக் கடிச்சுப் பாருங்க. நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியணும். வடிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, எடுத்து வைங்க. அதுல கரைஞ்சிருக்கிற மாவுச்சத்துதான் வெண்ணெயையும் தண்ணியையும் பிரிய விடாம பிடிச்சு வைக்குது.

வடச்சட்டியில வெண்ணெய் உருகினதும் பொடியா நறுக்கின பூண்டு, சின்ன தீயில அரை நிமிஷம். வாசனை வந்தா போதும், சிவந்தா கசக்கும். எடுத்து வச்ச தண்ணியில பாதியை ஊத்தி, கொதி வந்ததும் பாஸ்தாவைப் போட்டு ஒன்றரை நிமிஷம் புரட்டுங்க. இப்போ அடுப்பை அணைச்சிடுங்க. அரை நிமிஷம் பொறுத்து, சீஸைச் சின்னச் சின்னக் கட்டியா கிள்ளிப் போட்டு கிளறுங்க. இறுகினா மீதித் தண்ணியை ஒவ்வொரு கரண்டியா சேருங்க. சட்டியில பார்க்கும்போது கொஞ்சம் தளர்வா, 'அய்யோ தண்ணியா இருக்கே'ன்னு தோணுற பதத்துல நிறுத்தணும். தட்டுல அஞ்சு நிமிஷத்துல தானா கெட்டியாகிடும்.

குடியாத்தம்: இந்த சீஸ் எங்க ஊர்ல கிடைக்கிறதில்ல. வீட்லயே பண்ண முடியுமா?

பதில்: தாராளமா. இந்த வகை சீஸைப் பிரபலப்படுத்தின பூர்சான்ங்கிற பிராண்ட், 1957ல பிரான்சோட நார்மண்டியில ஆரம்பிச்சது. அடிப்படை ரொம்ப எளிசு: பழுக்க வைக்காத புது சீஸ், பூண்டு, பச்சை இலைகள். நீங்க க்ரீம் சீஸ் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம் ரெண்டையும் வெளியில வச்சு மெதுவாக்குங்க. ரெண்டு பல் பூண்டை ஒரு சிட்டிகை உப்போட விழுதா நசுக்குங்க, துண்டா இருந்தா கடிக்கும்போது காரும். வெங்காயத்தாளோட பச்சை நுனி ரெண்டு மேசைக்கரண்டி, பார்ஸ்லி கிடைச்சா ஒரு மேசைக்கரண்டி, இல்லன்னா காய்ஞ்ச மிக்ஸ்டு ஹெர்ப்ஸ் ஒரு டீஸ்பூன், மிளகு கால் டீஸ்பூன். சதகுப்பைக் கீரை (டில்) கிடைச்சா ரெண்டு கொத்து போதும், அருமையா இருக்கும். புதினா வேண்டாம், மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். எல்லாத்தையும் கரண்டியால கலந்து ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. உடனே ருசி பார்த்தா பச்சைப் பூண்டு மட்டும்தான் தெரியும்.

இலையைக் கழுவினா துணியில ஒத்தி முழுசா ஈரம் எடுத்துட்டு நறுக்குங்க. பச்சைப் பூண்டு சேர்ந்ததால மூணு நாளுக்குள்ள தீர்த்துடணும். வெளியில வைக்கவே கூடாது.

தொரப்பாடி: பூண்டை எண்ணெய்ல ஊற வச்சு பாட்டில்ல வச்சுக்கிட்டா ஒவ்வொரு தடவையும் உரிக்க வேண்டாமே?

பதில்: செய்யாதீங்க. பூண்டு மண்ணுக்குள்ள விளையறது. அதுல போட்டுலிசம்ங்கிற உயிருக்கே ஆபத்தான உணவு விஷத்தை உண்டாக்குற கிருமியோட வித்து இருக்கலாம். எண்ணெய்க்குள்ள காத்து கிடையாது, புளிப்பும் கிடையாது, வெளியில நம்ம ஊர் வெயில். அது வளர இதுக்கு மேல வசதி வேண்டாம். கெட்டுப் போனா வாசனையில தெரியும்னு நம்பவும் முடியாது. அன்னன்னைக்கு வேண்டியதை அன்னைக்கே உரிங்க.

காட்பாடி: தண்ணியில எண்ணெய் ஊத்தணுமா?

பதில்: வேண்டாம். வடிக்கும்போது பாஸ்தா மேல எண்ணெய் பூசிக்கும், சாஸ் பிடிக்காம வழுக்கும்.

வாலாஜா: எங்க போர் தண்ணி உப்பு. அதுலயே வேக வைக்கலாமா?

பதில்: வாயில வச்சா உப்பு தெரியுதுன்னா, குடிக்கிற தண்ணியில வேக வைங்க. இந்த சமையல்ல வேக வச்ச தண்ணியே சாஸா மாறுது, அதனால தண்ணியோட ருசி அப்படியே தட்டுக்கு வரும். வேற வழியில்லன்னா தனியா உப்பு போடாதீங்க.

ஆற்காடு: மேடம், எனக்கு சாஸ் திப்பி திப்பியா ஆயிடுச்சு. ஏன்?

பதில்: சீஸ் போடும்போது அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கும். சூடு அதிகமானா புரதம் சுருங்கித் தண்ணியைக் கக்கிடும். எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்திருந்தா இன்னும் சீக்கிரம் ஆகும். ரெண்டு விதமா கெடும், பிரிச்சுப் பாருங்க. எண்ணெய் மட்டும் மேல மிதந்தா, ரெண்டு கரண்டி சூடான பாஸ்தா தண்ணி ஊத்தி வேகமா அடிச்சா திரும்பச் சேர்ந்துக்கும். மணல் மாதிரி நறநறன்னு இருந்தா முழுசா திரும்பாது. பாஸ்தாவை அள்ளி எடுத்துட்டு சாஸை மட்டும் ஆற வச்சு, ரெண்டு மேசைக்கரண்டி பாலோட மிக்சியில ஓட்டினா சாப்பிடுற அளவுக்கு வரும்.

ராணிப்பேட்டை: க்ரீம் சீஸும் விலை ஜாஸ்தி. பன்னீரை அரைச்சுப் போட்டா என்ன?

ஆம்பூர்: பன்னீர் எதுக்கு? கட்டித் தயிர்தான் சரி. அந்தப் புளிப்பு பன்னீர்ல வராது.

ராணிப்பேட்டை: தயிர் திரியுமே!

ஆம்பூர்: எங்க வீட்ல மோர்க்குழம்பு வாரா வாரம் வைக்கிறோம், ஒரு நாளும் திரிஞ்சதில்ல.

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி பாதி சரி. விவரமா சொல்றேன்.

மோர்க்குழம்பு திரியாததுக்குக் காரணம் தயிர் இல்ல. அதுல அரைச்சு ஊத்துற பருப்பும் அரிசியும் தேங்காயும் தயிரோட புரதத்துக்கு நடுவுல போய் உட்கார்ந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாம தடுக்குது. அதுக்கும் மேல, நாம அதைக் கொதிக்க விடுறதில்ல. ஓரத்துல நுரை கட்டினதும் இறக்கிடுறோம். பாஸ்தாவுல தயிர் போடணும்னா இந்த ரெண்டு காரியமும் இங்கேயும் நடக்கணும்: அரை கப் கட்டித் தயிருக்கு அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளவர் கலந்து, அதுல சூடான பாஸ்தா தண்ணி ரெண்டு கரண்டி ஊத்தி வெதுவெதுப்பாக்கி, சின்ன தீயில சாஸ்ல சேர்த்து, ஓரத்துல குமிழ் விட ஆரம்பிச்சதும் அணைங்க.

நம்ம பக்கத்துல தயிர்ல தப்பு நடக்கிறது துணியில கட்டித் தொங்க விடும்போதுதான். சித்திரை வைகாசியில சமையல்கட்டுல ராத்திரி முழுக்கத் தொங்கினா தண்ணி வடியறதோட புளிப்பும் ஏறிக்கிட்டே போகும். புளிப்பு ஏற ஏற கொஞ்சம் சூட்டுக்கே திரியும். புதுசா உறைஞ்ச, புளிக்காத தயிர் அரை கிலோவை வடிகட்டியில துணி விரிச்சுக் கொட்டி, கீழே பாத்திரம் வச்சு, ஃப்ரிட்ஜ்க்குள்ள ஏழு எட்டு மணி நேரம் வைங்க. சுமார் 200 கிராமுக்கு மேல கட்டித் தயிர் வரும்.

பன்னீர் விஷயம் வேற. பாலைச் சூடாக்கி எலுமிச்சையோ வினிகரோ ஊத்தித் திரிய வச்சதுதான் அது, இனிமே திரியப் பயமில்ல. ஆனா எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. நல்லா அரைக்கலைன்னா நாக்குல ரவை தட்டும்.

ராணிப்பேட்டை: அப்போ பன்னீர்தான் பத்திரம்னு சொல்லுங்க!

ஆம்பூர்: ருசி?

பதில்: பத்திரத்துக்குப் பன்னீர், ருசிக்குத் தயிர். அதனால சேர்த்தே போடச் சொல்றேன். மெதுவான பன்னீர் 100 கிராம், கட்டித் தயிர் ரெண்டு மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பால் மூணு மேசைக்கரண்டி, பூண்டு ஒரு பல், உப்பு கால் டீஸ்பூன். மிக்சியோட சின்ன ஜார்ல விட்டு விட்டு ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க. விரல்ல தேய்ச்சுப் பார்த்தா பொடி தட்டக் கூடாது, தட்டினா இன்னொரு கரண்டி பால் விட்டு ஓட்டுங்க. வெங்காயத்தாளையும் ஹெர்ப்ஸையும் கடைசியில கையால கலங்க. மிக்சியில போட்டா மொத்தமும் பச்சையாகிடும். சீஸுக்கு பதிலா இதை அப்படியே போடலாம், அடுப்பை அணைச்ச பிறகு.

ஆம்பூர்: செஞ்சு பார்க்கிறேன் அக்கா. ஆனா தயிர் மூணு கரண்டி போடுவேன்.

பதில்: போடுங்க. அப்போ ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளவரும் சேர்த்துக்கோங்க.

பாகாயம்: சீஸ் ஸ்லைஸ் போட்டா?

பதில்: திரியாது. அதுல சேர்க்கிற சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் மாதிரி உப்புகள் கொழுப்பைப் பிரிய விடாது. ஆனா உப்பு அதிகம், ஆறினா ரப்பர் மாதிரி இறுகும். பாஸ்தா தண்ணியில உப்பைப் பாதியாக்குங்க.

வாணியம்பாடி: சிக்கன் எப்போ போடணும்?

பதில்: தனியா வேக வச்சு கடைசியில. எலும்பில்லாதது 150 கிராம், அரை அங்குலத் துண்டு, உப்பு மிளகு புரட்டி நல்ல தீயில ஆறேழு நிமிஷம். உள்ள ரோஸ் நிறம் இருக்கக் கூடாது. சாஸ்லயே வேக வச்சா சிக்கன் விடுற தண்ணியில சாஸ் நீர்த்துப் போகும்.

அணைக்கட்டு: எங்க இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் சேருமா?

பதில்: நல்ல கேள்வி. 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய், அதைத் தாராளமா இங்க கொண்டு வாங்க. முக்கால் அங்குலத் துண்டா நறுக்கி, ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெய்ல நல்ல தீயில, சட்டியை நெருக்காம, நாலு பக்கமும் சிவக்க வறுங்க. உப்பு கடைசியில. முதல்ல போட்டா தண்ணி விட்டு வதங்கிடும். பரிமாறும்போது பாஸ்தா மேல போடுங்க. வெள்ளை சாஸ்ல போட்டு வேக வச்சா நிறம் மங்கிடும்.

காட்பாடி: குக்கர்ல ஒரு விசில் விட்டா வேலை முடியாதா?

பதில்: வேண்டாம். கடிச்சுப் பார்க்க வழியில்ல, ஒரு நிமிஷம் கூடினா களி. பாஸ்தா நுரை மேலேறி விசில் துவாரத்தை அடைக்கும், அது ஆபத்து.

சோளிங்கர்: மேடம், சாஸ் திரியுது.

பதில்: ஆற்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படிங்க. அடுப்பை அணைச்சுட்டு சீஸ் போடுங்க.

பேரணாம்பட்டு: க்ரீம் இல்லாம வருமா?

பதில்: முதல் பதில்லயே க்ரீம் இல்ல.

வேலூர்: மாசமா இருக்கிறவங்க சாப்பிடலாமா?

பதில்: உங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. சீஸ் வாங்கும்போது பாஸ்டுரைஸ் பண்ண பால்னு லேபிள்ல இருக்கான்னு மட்டும் பாருங்க.

ஆரணி: எங்க பாஸ்தா எப்பவும் குழையுது. நேரம் பார்த்துதான் எடுக்கிறோம்.

பதில்: பாக்கெட் பின்னாடி பாருங்க. டூரம் கோதுமை ரவைன்னு இருந்தா விறைப்பா நிக்கும். மைதா கலந்ததுன்னா அஞ்சாவது நிமிஷத்துல இருந்தே கடிச்சுப் பார்க்கணும். வடிச்சதும் காத்திருக்காம சாஸ்ல போடுங்க. வடிகட்டியில கிடந்தாலும் அந்தச் சூட்டுல வெந்துக்கிட்டேதான் இருக்கும்.

திருப்பத்தூர்: பாப்பாவுக்கு ஸ்கூல் டப்பாவுல கட்டிக் கொடுக்கலாமா? காலையில ஏழு மணிக்கு வச்சா மதியம் பன்னெண்டரைக்குச் சாப்பிடுவா.

பதில்: இந்த சாஸோட வேண்டாம். பாலும் சீஸும் சேர்ந்த சமைச்ச சாப்பாடு வெளியில ரெண்டு மணி நேரம் தாங்கும், வெயில் காலத்துல ஒரு மணி நேரம்தான். அவளுக்கு எண்ணெய், மிளகு, வதக்கின காய் மட்டும் போட்டு, கொதிக்கக் கொதிக்க சூடு தாங்குற டப்பாவுல அடைங்க. அந்த டப்பாவுல முதல்ல கொதி தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் வச்சுக் கொட்டிட்டு அடைச்சா சூடு நிக்கும்.

தொரப்பாடி: பூண்டு எண்ணெயை ஃப்ரிட்ஜ்ல வச்சா பரவாயில்லையா?

பதில்: அதிகபட்சம் நாலு நாள், பண்ணின உடனே உள்ள வச்சா மட்டும். அதுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாம், கொட்டிடுங்க.

சத்துவாச்சாரி: அக்கா, பண்ணிட்டோம், நல்லா வந்துது. மீந்ததை நாளைக்கு எப்படிச் சுட வைக்கிறது?

பதில்: இப்பவே ஆழமில்லாத டப்பாவுல பரப்பி ஃப்ரிட்ஜ்ல வைங்க. நாளைக்கு வடச்சட்டியில மூணு மேசைக்கரண்டி பால் ஊத்தி, பாஸ்தாவைப் போட்டு மூடி, சின்ன தீயில ரெண்டு நிமிஷம். மூடியைத் திறந்து உதிர்த்து, உள்வரை ஆவி பறக்கிற மாதிரி புரட்டிச் சூடாக்குங்க. பால் ஓரத்துல கொதிக்க வந்தா தீயை இன்னும் குறைங்க. ஒரு தடவைதான் சுட வைக்கணும்.