ரெண்டு வரியில் இந்து மதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் அவள் தோழி, "உங்கள் மதத்தின் அடிப்படை நம்பிக்கை என்ன, ரெண்டு வரியில் சொல்" என்று கேட்டிருக்கிறாள். தோழி தன் மதத்தைப் பற்றி உடனே சொல்லிவிட்டாளாம். இவளால் முடியவில்லை. என்னிடம் வந்து கேட்டாள். கர்மா, மறுபிறவி, கோயில் என்று நானும் ஏதோ உளறினேன். இத்தனை வருடம் பூஜை செய்துவிட்டு இதற்குப் பதில் தெரியவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. அப்படி ஒரு அடிப்படை உண்மையிலேயே இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் உளறியதில் பெரிய தப்பில்லை. செய்த வினை திரும்பி வரும், உயிர் மறுபடி பிறக்கும், இந்தச் சுற்றிலிருந்து வெளியேற வழி உண்டு. ரெண்டு வரிதான் வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம். சமணரும் பௌத்தரும் "இதை நாங்களும் சொல்கிறோமே" என்பார்கள், அது வேறு.

சிக்கல் அடுத்த கேள்வியில் வரும். வெளியேறினால் என்ன ஆகும்? நீயே பிரம்மம் என்று உணர்வதுதான் வீடு, அதாவது மோட்சம், என்கிறது அத்வைதம். உயிர் ஒருநாளும் கடவுளாகாது, நாராயணன் திருவடியில் தொண்டு செய்வதே பேறு என்கிறார் ராமானுஜர். சைவ சித்தாந்தம் சிவத்தோடு இரண்டறக் கலக்கலாம், ஆனால் சிவமாகிவிட முடியாது என்கிறது. சில உயிர்களுக்கு வீடே கிடையாது என்று துவைதம் சொன்ன மத்வர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடவுளாவது பொதுவா என்றால், அதுவும் இல்லை. சாங்கியம் என்ற தத்துவத்தின் பழைய நூலில் உலகைப் படைத்தவர் என்று ஒருவர் இல்லை. மீமாம்சைக்கு வேள்வியே பலன் தரும், நடுவில் யாரும் வேண்டியதில்லை. இரண்டும் ஆறு தரிசனங்களில், அதாவது வேதத்தை ஏற்கும் ஆறு தத்துவங்களில், சேர்ந்தவை. அந்தக் கணக்கில் நாத்திகன் என்றால் வேதத்தை மறுப்பவன். கடவுளை மறுத்தவனுக்கு உள்ளே பாய் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதனால் நம்பிக்கையை விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள். பூஜை செய்கிறவர் நீங்கள், மஞ்சள் பிள்ளையார் பிடித்திருப்பீர்கள். (வைணவர் வீடு என்றால் அந்த இடத்தில் பெருமாளின் சேனைத் தலைவர் விஷ்வக்சேனர்.) ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி, நாலு சொட்டுத் தண்ணீர். மூன்று விரலால் கூம்பாகப் பிடித்து வெற்றிலையில் வைத்தால், கொஞ்சம் சாயும். அடியை அழுத்திவிட வேண்டும். குங்குமப் பொட்டு, மேலே ஒரு அருகம்புல். ஆவாஹனம், அதாவது சாமியை அதில் வரவழைக்கும் மந்திரம், சொன்னதும் அது சாமி. கை கூப்புகிறோம். எல்லாம் முடிந்ததும் 'யதாஸ்தானம்', உன் இடத்துக்குப் போ என்று சொல்லி இலையை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்துகிறோம். அப்புறம் அது வெறும் மஞ்சள். தண்ணீரில் கரைத்துவிடலாம்.

கடவுளுக்கு உருவம் உண்டா இல்லையா என்று யாரும் அங்கே கேட்கவில்லை. 'உன் இடம்' எது என்றும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் என்பவரும் கைலாசம் என்பவரும் அதே இலையை அதே பக்கம்தான் நகர்த்துகிறார்கள்.

ஆனால் இதைச் சொல்லி நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. என்ன வேண்டுமானாலும் நம்பு என்ற அதே மதம், யார் யாரோடு சாப்பிடலாம், யார் எந்த வாசல் வரை வரலாம் என்பதில் அணு அளவும் விட்டுக்கொடுத்ததில்லை. தாராளம் எல்லாம் தத்துவத்தில்தான்.

இந்து என்றால் யார் என்று உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியது 1966-இல். ஒரே தீர்க்கதரிசி இல்லை, ஒரே கடவுள் இல்லை, ஒரே கோட்பாடு இல்லை என்று தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய பகுதியை மேடையில் பலரும் எடுத்துச் சொல்வார்கள். அந்த வழக்கு எதற்கு வந்தது என்று சொல்பவர்கள் குறைவு. குஜராத்தின் சுவாமிநாராயண சம்பிரதாயத்தைச் சேர்ந்த சத்சங்கிகள் சிலர், தங்கள் கோயிலுக்குள் தலித்துகள் வருவதைத் தடுக்க 1948-இல் போட்ட வழக்கு அது. ஆலயப் பிரவேசச் சட்டம் இந்துக் கோயில்களுக்குத்தானே, நாங்கள் இந்துக்களே இல்லை என்பது அவர்கள் வாதம். இந்துதான் என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள். 18 வருடம் ஆயிற்று.

மகளுக்கு இதையும் சொல்லுங்கள். தோழி கேட்டால் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.