பிராக்டிகத்துக்கு முன்: உச்சரிப்பு பயம் பற்றிக் கேட்டவருக்கு

அமெரிக்காவில் கவுன்சலிங் முதுநிலைப் படிப்பு, அடுத்த செமஸ்டரில் பிராக்டிகம் (மேற்பார்வையில் கிளையண்ட்டைப் பார்க்கும் முதல் களப் பயிற்சி). "என் உச்சரிப்பைக் கேட்டு கிளையண்ட் எழுந்து போய்விடுவாரோ?" என்று கேட்டிருந்தீர்கள்.

உச்சரிப்பு இருக்கட்டும். புரியாத சொல்லுக்கும் தலையாட்டுவதுதான் ஆபத்து. வகுப்பில் புரிந்ததுபோல் உட்கார்ந்தே பழகிய நமக்கு அது தானாக வந்துவிடும். நழுவவிட்ட அந்த ஒரு சொல்லில் தற்கொலை எண்ணம் இருந்திருக்கலாம். "நான் பயிற்சி மாணவி, சூப்பர்வைசரின் மேற்பார்வையில்தான் உங்களைப் பார்க்கிறேன்" என்று முதல் அமர்விலேயே எப்படியும் சொல்லியாக வேண்டும். கூடவே, "புரியாவிட்டால் நிறுத்திக் கேட்பேன், நீங்களும் கேளுங்கள்" என்று சேர்த்துவிடுங்கள். தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்கும் கேள்விகளை (எண்ணம், திட்டம், கையில் இருக்கும் வழி) நாக்கு தடுமாறாத அளவுக்கு ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "ஆம்" என்று பதில் வந்தால், கிளையண்ட் அறையை விட்டுப் போகும் முன்பே சூப்பர்வைசரை அழையுங்கள்.

கேக்ரெப் (கவுன்சலிங் படிப்புகளைத் தரம் பார்க்கும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் உள்ள படிப்பில் பிராக்டிகம் குறைந்தது 100 மணி நேரம். அதில் 40 மணி கிளையண்ட்டோடு நேரடியாக. அடுத்து வரும் இன்டர்ன்ஷிப் 600, நேரடி 240. சூப்பர்விஷன் வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான். குழுவாக நடப்பது தனி. அந்த ஒரு மணியை "எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டு வீணாக்காதீர்கள். "குட் ஜாப்" என்பார்கள். அடுத்த அமர்வுக்கு அது உதவாது. அமர்வின் பதிவிலிருந்து ஐந்து நிமிடத்தை மட்டும் எழுத்தில் இறக்குங்கள். உங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே கேள்வியா, உணர்வைத் திருப்பிச் சொன்னதா, அறிவுரையா என்று குறியுங்கள். தொடக்கத்தில் கேள்வியும் அறிவுரையுமே நிறைந்திருக்கும். அழுகிறவரைக் கண்டதும் தீர்வு சொல்வது நம் வீட்டுப் பழக்கம். பிறகு, "இங்கே அவர் அழுதார், நான் பேச்சை மாற்றினேன், வேறென்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். பதிவை நிறுத்தி, அந்த நொடியில் மனதில் ஓடியதைப் பேசும் முறை ஒன்று உண்டு, உளவியலாளர் நார்மன் கேகன் உருவாக்கியது. அதைச் செய்யலாமா என்றும் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு வாரம் இப்படிக் குறித்தால் மாற்றம் தாளிலேயே தெரியும். எனக்குத் தெரிந்து, நிலைக்கிற நம்பிக்கை அதுதான். பதிவுக்குக் கிளையண்ட்டின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். சொந்த போனில் வைக்கவே வைக்காதீர்கள்.

சூப்பர்வைசரிடம் மரியாதைக்காக மௌனமாக இருந்தால், தயாராகாமல் வந்ததாக மதிப்பீட்டில் எழுதிவிடுவார்கள். உடன்படாததையும் சொல்லலாம், தவறில்லை.

இன்னொன்று: எஃப்-1 மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே பிராக்டிகம் என்றால், ஊதியம் இல்லாவிட்டாலும் டிஎஸ்ஓவிடம் (பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரி) கேட்காமல் தொடங்காதீர்கள். சிபிடி (படிப்பின் பகுதியாக வெளியே பயிற்சி பெறுவதற்கான அனுமதி) தேவை என்றால், அது உங்கள் மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தில் ஏறிய பிறகே முதல் நாள்.