மூட்டுவலி: திருகோணமலை வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

கேள்வி (உப்புவெளி வாசகி, வயது 42): நான்கு மாதங்களாகக் காலையில் இரு கைவிரல்களும் வீங்கி, ஒன்பது மணி வரை மடக்க முடிவதில்லை. இரத்தத்தில் வாதக் காரணி (முடக்குவாதக்காரர் பலரிடம் காணப்படும் ஓர் எதிர்ப்பொருள்) இல்லை என்பதால் இது தேய்மானம்தான் என்கிறார்கள். சரியா?

பதில்: அறிக்கையைக் காட்டிலும் நீங்கள் எழுதியுள்ள விவரமே எனக்கு அதிகம் சொல்கிறது. தேய்மானத்திலும் காலை விறைப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும், விரல்களில் வந்தால் நகத்தை அடுத்த கணுவில் எலும்பு போன்ற கடினப் புடைப்பு தெரியும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்திலோ விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். இரு பக்கமும் மணிக்கட்டும், விரல்களின் அடிக்கணுவும் நடுக்கணுவும் மெத்தென்று வீங்கும். நகத்தை அடுத்த கணு பொதுவாகத் தப்பிவிடும். முடக்குவாதக்காரர்களில் குறைந்தது ஐந்தில் ஒருவருக்கு வாதக் காரணி தென்படுவதில்லை, நோயே இல்லாத சிலருக்கு அது இருப்பதும் உண்டு. ஆகவே முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் இன்னோர் இரத்தப் பரிசோதனையான சி.சி.பி. எதிர்ப்பொருள் பரிசோதனையையும் செய்து, வாதநோய் நிபுணரைப் பாருங்கள். இதற்கு முன் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சிகுன்குனியா பல மாதங்களுக்கு இதே கோலத்தில் மூட்டுகளை வருத்தும். முடக்குவாதம் என உறுதியானால், எலும்பு அரிக்கப்படும் முன்பே நோயையே கட்டுப்படுத்தும் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடங்குவதே முக்கியம்.

கேள்வி (கிண்ணியா வாசகர், வயது 51): நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை படவும் பொறுக்கவில்லை. யூரிக் அமிலம் சரியான அளவில்தான் இருக்கிறது. கருவாட்டை நிறுத்த வேண்டுமா?

பதில்: இது, மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் சேர்வதால் வரும் கவுட் நோயின் வழமையான முகம். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் சாதாரணமாகக் காட்டக்கூடும். அடங்கி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். சூடை, நெத்தலி, இறால், ஈரல் ஆகியவற்றைக் குறைப்பது நல்லது. ஆனால் கருவாட்டின் மீதே பழியைப் போட்டுவிட்டு, இரத்த அழுத்தத்துக்காக விழுங்கும் சிறுநீர்ப்பெருக்கிக் குளிசையை மறந்துவிடுகிறோம். அதுவும் யூரிக் அமிலத்தை உயர்த்தும். அதை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள். ஒரேயொரு மூட்டு சூடேறி வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால், அது மூட்டில் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவாமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (மூதூர்த் தாய்): ஒன்பது வயது மகனுக்கு முழங்காலில் இருந்த வலி, இப்போது கணுக்காலுக்கு மாறியுள்ளது. வளர்ச்சி வலியா?

பதில்: வளர்ச்சி வலியில் மூட்டு வீங்காது, காய்ச்சலும் வராது. சில வாரங்களுக்கு முன் தொண்டை நோவு இருந்திருந்தால், தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அதில் மூட்டுகள் தாமாகவே ஆறிவிடும், பழுதடைவது இதய வால்வுகள், தாமதிக்காமல் காட்டுங்கள். உறுதியானால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் தேவைப்படும்.